ஹிப் ஒரு சென்டிமீட்டர் கூடினால் ஒப்பந்தம் ரத்து: வெளிநாட்டு மாடலிங் போகும் முன் படிக்கவேண்டியது

டோக்கியோ, ஷாங்காய், சியோல், மிலான் என்று எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் சரி, கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் உடல் அளவு பற்றிய ஷரத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். மாடலின் மார்பு, இடை, ஹிப் (இடைக்குக் கீழே பின்பக்கத்தைச் சுற்றி எடுக்கும் அளவு) அளவுகள் கையெழுத்திட்ட நாளில் இருந்ததைவிடக் கூடினால் ஏஜென்சி ஒப்பந்தத்தை ரத்து செய்து ஊருக்கு அனுப்பலாம் என்று அது சொல்லும். சிலவற்றில் இரண்டு சென்டிமீட்டர் வரை விடுவார்கள். ஒரு சென்டிமீட்டர் என்று எழுதிய ஒப்பந்தங்களும் உண்டு.

மாடல்கள் ஒல்லியாக இருக்கவேண்டும் என்ற நெருக்கடியை அழகு பற்றிய விஷயமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். ஒப்பந்தத்தையும் கணக்குச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது பணம் பற்றிய விஷயம் என்று தெரியும். வேலை வாங்கித் தர முடியாத ஏஜென்சி, கொடுத்த வாக்கிலிருந்து நழுவ வைத்திருக்கும் கதவுதான் அந்த ஷரத்து. பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் பட்டினி கிடப்பது பெரும்பாலும் அந்தக் கதவு திறந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான்.

ஏமாற்று நடக்கும் விதத்தை ஒரு கணக்கில் வைத்தே பார்த்துவிடலாம். தொகைகள் புரிவதற்காக நாங்கள் போட்டவை. அமைப்பு மட்டும் அப்படியே நடப்பது.

இரண்டு மாத ஒப்பந்தம், உறுதித்தொகை 8,000 டாலர். வேலை வந்தாலும் வராவிட்டாலும் இந்தப் பணம் உண்டு என்று மதர் ஏஜென்ட், அதாவது மாடலை வெளிநாட்டு ஏஜென்சியிடம் சேர்த்துவிடும் உள்ளூர் ஏஜென்ட், சொல்வார். வீட்டில் சந்தோஷம். விமான டிக்கெட் 1,200 டாலரை ஏஜென்சியே போடுகிறது. அது பரிசு அல்ல, முன்பணம். போய் இறங்கியதும் மாடல் அபார்ட்மென்ட்டில் ஒரு அடுக்குக் கட்டில், வாரம் 600 டாலர். ஒரே ஃப்ளாட்டில் நான்கு பெண்கள் என்றால் வாரத்துக்கு 2,400 டாலர் வசூல், அந்த ஃப்ளாட்டின் உண்மையான வாடகை அதில் பாதிகூட இருக்காது. செலவுக்காசு என்று வாரம் 100 டாலர் கையில் தருவார்கள், அதுவும் கடன்தான். காம்ப் கார்டு (மாடலின் படமும் அளவும் உள்ள அறிமுக அட்டை) அச்சடிக்க 200, டெஸ்ட் ஷூட்டுக்கு (போர்ட்ஃபோலியோவுக்கான படப்பிடிப்பு) 500. முதல் இரண்டு வாரத்தில் நாளைக்கு எட்டு, பத்து காஸ்டிங், அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வு. 700 டாலர் வேலை இரண்டு கிடைக்கிறது. அதில் நாற்பது சதவீதம் கமிஷன் போக அவள் பங்கு 840.

மூன்றாவது வாரம் டேப்பை எடுக்கிறார்கள். போன மாதம் 88 இருந்த ஹிப் இப்போது 89.5. ஒப்பந்தம் ரத்து, 8,000 டாலர் உறுதித்தொகை காலி. டிக்கெட் 1,200, மூன்று வார வாடகை 1,800, செலவுக்காசு 300, கார்டும் ஷூட்டும் 700, ஆக 4,000. அவள் சம்பாதித்த 840 போக 3,160 டாலர் கடனோடு அந்தப் பெண் வீடு திரும்புகிறாள். இந்தக் கடனை அடைக்க அடுத்த சீசனும் அதே ஏஜென்சிக்குத்தான் போகவேண்டும், அதுவும் இன்னும் குறைந்த ஹிப்போடு.

அந்த 1.5 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது? பல சமயம் அது கொழுப்பே இல்லை. ஹிப் அளவு எடுக்கும்போது கால்களைச் சேர்த்து வைத்து, பின்பக்கம் அதிகம் துருத்தும் இடத்தில், டேப் தரைக்குச் சமமாகச் சுற்றிவர வேண்டும். பின்னால் டேப் இரண்டு விரல் சரிந்தாலே அளவு மாறும். ஒருவர் இழுத்துப் பிடிப்பார், இன்னொருவர் தளர விடுவார். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பில் நீர் கோர்க்கும். நீண்ட விமானப் பயணத்துக்குப் பின்னும், உப்பு கூடுதலான நூடுல்ஸ் சாப்பிட்ட மறுநாளும் அப்படித்தான். காலையில் எடுத்த அளவும் இரவில் எடுத்த அளவும் ஒன்றாக இருக்காது. இதெல்லாம் டேப் பிடிப்பவருக்கும் தெரியும். அதனால்தான் வேலை நன்றாக வரும் பெண்ணுக்கு 91 வந்தாலும் யாரும் வாய் திறப்பதில்லை. வேலை வராத பெண்ணுக்கு 89 ஒரு குற்றமாகிவிடுகிறது.

இதைவிடக் கொடுமை வயது. பதினைந்து வயதில் எடுத்த அளவைப் பதினெட்டு வயதுவரை வைத்திருக்கச் சொல்கிறார்கள். பெண்களுக்கு இடுப்பெலும்பு அந்த வயதுகளில் அகன்றுகொண்டிருக்கும். எலும்பை எந்த டயட்டும் குறைக்காது. அந்தப் பெண் எதைச் சாப்பிடாமல் விட்டாலும் அந்த எண் திரும்ப வராது, ஆனால் தன்னிடம்தான் ஒழுக்கம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறாள்.

ஹிப் 88 முதல் 90 வரை இருக்கவேண்டும் என்று கேட்கும் அந்த எண் பிறப்பது தையல் மேஜையில். ஷோவுக்கு வேண்டிய சாம்பிள் உடைகளை வெட்டும்போது யார் போடப்போகிறார் என்று தெரியாது. ஒரே அளவில், பிரெஞ்சு அளவில் 34 அல்லது 36 என்று வெட்டிவிடுவார்கள். மாடலைத் தேர்வு செய்வது ஷோவுக்குச் சில நாள் முன்புதான், பிரித்துத் தைக்க நேரம் இருக்காது. அதனால் உடம்பை உடைக்கு ஏற்ப மாற்றச் சொல்கிறார்கள். தையல்காரருக்கு அது அரை நாள் வேலை, அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதப் பட்டினி.

175 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 18.5 வரவேண்டும் என்றால் சுமார் 56.7 கிலோ இருக்கவேண்டும். 49 கிலோவுக்கு இறங்கினால் பிஎம்ஐ 16, அதற்குக் கீழே போனால் உலக சுகாதார நிறுவனம் கடுமையான மெலிவு என்று வகைப்படுத்துகிறது. உருகுவே மாடல் லூயிசெல் ராமோஸ் 2006 ஆகஸ்டில் மான்டிவிடியோவில் ஒரு ஃபேஷன் ஷோவின் நடுவே இதயம் நின்று இறந்தார், வயது 22. அதே ஆண்டு நவம்பரில் பிரேசில் மாடல் ஆனா கரோலினா ரெஸ்டன் 21 வயதில் அனோரெக்சியாவால் (எடை கூடும் பயத்தில் சாப்பாட்டைத் தவிர்க்கும் நோய்) இறந்தபோது எடை 40 கிலோ. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் லூயிசெலின் தங்கை எலியானாவும் போய்விட்டார், 18 வயது. அவரும் மாடல்தான்.

அபார்ட்மென்ட்டில் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் குறுக்குவழிகளைப் பற்றியும் பேசியாகவேண்டும். பேதி மாத்திரை கலோரியைக் குறைக்காது. சாப்பாட்டின் சத்து சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், மாத்திரை வேலை செய்வது பெருங்குடலில். குறைவது தண்ணீர் மட்டும், மறுநாள் அது திரும்பிவிடும். தண்ணீரோடு போவது பொட்டாசியம். அது குறைந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், வலி எதுவும் இல்லாமலே நின்றும் போகலாம். சிறுநீரைக் கூட்டும் மாத்திரையும் இதே கதைதான். ஜூஸில் நனைத்த பஞ்சை விழுங்கிப் பசியை அடக்குவது குடலையே அடைத்துவிடும். மாதவிடாய் மூன்று மாதம் நின்றுவிட்டால் அதை வசதி என்று நினைக்காதீர்கள். ஈஸ்ட்ரோஜன் வற்றுகிறது, எலும்பு வலுவைச் சேர்த்துவைக்கும் வயதில் அது கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு எடை ஏறினாலும் அந்த இழப்பு முழுதாக ஈடாகும் என்ற உத்தரவாதம் இல்லை.

சட்டம் சில நாடுகளில் உண்டு. இஸ்ரேலில் 2013 முதல் பிஎம்ஐ 18.5க்குக் கீழே உள்ள மாடலை விளம்பரத்தில் பயன்படுத்தக்கூடாது. பிரான்ஸில் 2017 மே முதல் மருத்துவச் சான்றிதழ் இல்லாத மாடலை வேலைக்கு வைத்தால் 75,000 யூரோ வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அதே ஆண்டு செப்டம்பரில் பெரிய ஃபேஷன் குழுமங்களான எல்விஎம்எச், கெரிங் இரண்டும் பெண்களில் பிரெஞ்சு 32 அளவு மாடல்களை எடுப்பதில்லை, பெரியவர்களுக்கான உடைகளுக்குப் பதினாறு வயதுக்குக் கீழே எடுப்பதில்லை, ஆறு மாதத்துக்குள் வாங்கிய மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்று சாசனம் வெளியிட்டன. நியூயார்க்கில் 2025 ஜூன் 19 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி மாடல் நிர்வாக நிறுவனம் 20 சதவீதத்துக்கு மேல் கமிஷன் எடுக்க முடியாது, சேர்க்கைக் கட்டணமோ டெபாசிட்டோ வாங்கவும் கூடாது. ஆனால் சான்றிதழைப் பெரிதாக நம்பி இருந்துவிடாதீர்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் குறைந்தபட்ச எண் எதுவும் இல்லை, முடிவு டாக்டர் கையில். சான்றிதழ் இரண்டு ஆண்டு வரை செல்லும். பதினெட்டு வயதில் நலமாக இருந்ததற்கு வாங்கிய தாள், பத்தொன்பதில் பட்டினி கிடப்பவளுக்கும் செல்லுபடியாகும்.

சட்டம் வந்தபிறகு பேச்சுதான் மாறியது. எடையைக் குறை என்று எழுத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். கொஞ்சம் டோன் பண்ணு, உடம்பை ரெடி பண்ணு, கிளையன்ட் உன்னை ஹெவியா ஃபீல் பண்றாங்க என்பார்கள், அதையும் போனில். அப்படி ஒரு பேச்சு வந்தால், நீங்கள் இன்று சொன்னபடி ஹிப்பை இத்தனை குறைக்கவேண்டும் என்று புரிந்துகொண்டேன், சரிதானா என்று அன்றைக்கே மெயில் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் அது ஆதாரம்.

ஒப்பந்தத்தில் என்ன மாற்றக் கேட்கவேண்டும்? அளவு ஷரத்தை முழுவதும் எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால், ரத்து செய்தாலும் தங்கியிருந்த நாட்களுக்கு உறுதித்தொகையில் விகிதப்படி பணம் உண்டு, திரும்பும் டிக்கெட் ஏஜென்சி செலவு, செலவுக் கழிவு சம்பாத்தியத்தைத் தாண்டக்கூடாது என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். மூன்றாவதுதான் உயிர்நாடி, அது இருந்தால் கடனோடு திரும்ப வழியே இல்லை. ஒவ்வொரு கழிவுக்கும் ரசீது கேளுங்கள். பவர் ஆஃப் அட்டர்னி, அதாவது உங்கள் சார்பில் கையெழுத்துப் போடவும் பணம் வாங்கவும் அதிகாரம் தரும் ஒரு தாள், நடுவில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தம் ஆங்கிலம், ஜப்பான் மொழி இரண்டிலும் இருந்தால் எது செல்லும் என்ற வரியைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் நமக்குப் படிக்கத் தெரியாததுதான் செல்லும். டூரிஸ்ட் விசாவில் போய் வேலை செய், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கே பணம் தராவிட்டால் போலீசுக்குக்கூடப் போகமுடியாத நிலையில் உங்களை நிறுத்துவதற்கான ஏற்பாடு அது.

உள்ளூரில் இதற்கு ஒரு சின்னப் பதிப்பு உண்டு. முதலில் போர்ட்ஃபோலியோவுக்குப் பணம். பிறகு உடம்பு இன்னும் இறங்கணும் என்று அவர்களே காட்டும் ஜிம், அவர்களே காட்டும் டயட் பேக்கேஜ். வேலை வராததற்குக் கடைசிவரை உங்கள் எடைதான் காரணமாக இருக்கும். ஒழுங்கான ஏஜென்சிக்கு வருமானம் கமிஷனில்தான், முன்கூட்டிப் பணம் கேட்டால் அவர்களுடைய தொழில் மாடலிங் அல்ல. பணம் கொடுத்துவிட்டிருந்தால் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரத்தோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆன்லைனில் ஏமாந்திருந்தால் 1930. டிஜிட்டல்ஸ் (மேக்கப் இல்லாமல் எடுக்கும் எளிய படங்கள்) வேண்டும் என்று பதினெட்டு வயதுக்குக் குறைந்த பெண்ணிடம் நீச்சலுடைப் படம் கேட்டால் அனுப்பவே கூடாது. உடம்போடு ஒட்டிய கறுப்பு டாப், லெக்கிங்ஸ், முன்பக்கம், பக்கவாட்டு, முகம் என மூன்று படமே வேண்டிய அளவுக்குக் காட்டும்.

மகள் மெலிந்து திரும்பி வந்திருந்தால் வீட்டில் முதலில் தோன்றுவது வயிறாரப் போடவேண்டும் என்பதுதான். அன்றைக்கு மட்டும் அந்த ஆசையை அடக்குங்கள். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறைய சோறும் இனிப்பும் போனால் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் போய்விடும். இதயமும் மூச்சும் தடுமாறுவது அப்போதுதான். பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, மயக்கம் வருகிறது, பாதம் வீங்கியிருக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஈசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை நாள் என்ன சாப்பிட்டாள், என்ன மாத்திரை போட்டாள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பாட்டை எந்த அளவில் தொடங்கிக் கூட்டுவது என்பதை அவர் சொல்லட்டும். பேசவே மறுத்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். வீட்டில் இன்ச் டேப் இருந்தால் கொஞ்ச நாளைக்கு அவள் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள்.