இரவு முழுவதும் சூடேறாத தலையணை: ஜெல் ஃபோம், லேடெக்ஸ், இலவம்பஞ்சு

மதுரையில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் படுப்பவர்களுக்குச் சித்திரை, வைகாசி மாதங்களில் தலையணையே பெரிய தொல்லையாகிவிடுகிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் கூரை, இரவில்தான் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கும். எங்கள் அறைச் சுவரில் தொங்கும் வெப்பமானி இரவு பதினொரு மணிக்கும் 32 டிகிரியைக் காட்டும். மின்விசிறியின் காற்று உடம்பின் மேற்புறத்தை ஆற்றினாலும், கன்னமும் பிடரியும் தலையணையில் அழுந்தியிருக்கும் இடத்துக்கு அது எட்டுவதில்லை. அங்கே வியர்வை ஊறித்தான் நள்ளிரவில் விழிப்பு வருகிறது. ஏ.சி. இல்லாத இந்த அறையில் சென்ற கோடை முழுவதும் மூன்று வகைத் தலையணைகளை மாற்றி மாற்றி வைத்துப் படுத்துப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது, மெமரி ஃபோமின் மேல் நீல நிற ஜெல் படலம் வைத்த தலையணை. விலை 1,900 ரூபாய். கடையில் கையை வைத்ததும் சில்லென்றிருந்தது. அந்தக் கடை முழுவதும் ஏ.சி. செய்யப்பட்டது என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. வீட்டில் படுத்த இருபது நிமிடத்துக்குள் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. ஒரு மணிக்கு எழுந்து தொட்டபோது, தலை இருந்த பள்ளம் இளஞ்சூடாகவும் ஈரமாகவும் இருந்தது. புரட்டிப் போட்டால், ஜெல் இல்லாத அடிப்பக்கம் அதைவிடப் புழுங்கியது.

இதற்கான காரணம் பொருளின் தன்மையிலேயே இருக்கிறது. 1966-இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளில் மெத்தையாக வைக்க உருவாக்கப்பட்ட மெமரி ஃபோம், உடற்சூடு பட்டால் இளகி, அழுத்தும் உறுப்பின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும். கழுத்துக்கு அது சுகம்தான். ஆனால் தலையைச் சுற்றி அணைத்துக்கொள்வதால், காற்றுப் படாத தோலின் பரப்பும் கூடிவிடுகிறது. ஜெல் என்பது சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு பொருள் மட்டுமே. தோலின் சூட்டுக்கு அது சமமாகும் வரைதான் குளிர்ச்சி இருக்கும். பிறகு அந்தச் சூட்டை வெளியே விடக் குளிர்ந்த அறை வேண்டும். கூடுதல் விலையில் விற்கப்படும், உருகும் மெழுகைத் துணியில் பொதித்த தலையணைகளுக்கும் இதே சிக்கல் உண்டு. இத்தகைய துணிகளில் பெரிதும் பயன்படும் ஆக்டாடெகேன் என்னும் மெழுகு ஏறத்தாழ 28 டிகிரியில் உருகும். உருகும்போதுதான் அது சூட்டை இழுக்கும். 32 டிகிரி அறையில் நாம் தலை வைப்பதற்கு முன்பே அது உருகி முடிந்திருக்கும். வாங்குபவருக்கு இதைச் சொல்லும் அட்டைப்பெட்டி எதையும் நான் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம். அதே ஜெல் தலையணையை என் தங்கை வீட்டில், 24 டிகிரியில் ஏ.சி. ஓடும் அறையில் வைத்துப் படுத்தபோது விடியும் வரை ஒரு குறையும் தெரியவில்லை. ஆகவே ஏ.சி. அறையில் படுப்பவர்கள் அதை வாங்கலாம்.

இரண்டாவது, ரப்பர்ப் பாலில் செய்த லேடெக்ஸ் தலையணை. மேலிருந்து கீழ்வரை வரிசையாகத் துளைகள் உள்ளதால் காற்று ஓரளவு உள்ளே நடமாடுகிறது. அழுத்தத்தை எதிர்த்து நிற்பதால் தலையும் அதிகம் புதைவதில்லை. ஜெல் தலையணையைவிட நிச்சயமாக மேல். இரவில் ஒருமுறையோ இருமுறையோ புரட்டிப் போட வேண்டியிருந்தது. கழுத்து வலி உள்ளவர்களுக்கு நான் இதையே சொல்வேன். 2,400 ரூபாய் விலையும், முதல் பத்து நாட்கள் அடித்த ரப்பர் வாடையும் குறைகள்.

மூன்றாவதாக வந்த இலவம்பஞ்சுத் தலையணைதான் இன்றும் என் கட்டிலில் இருக்கிறது. போடிநாயக்கனூரில் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தபோது (2023 ஜூன் முதல் போடி வரை மீண்டும் ரயில் ஓடுவதால் மதுரையிலிருந்து போய்வருவது எளிதாகிவிட்டது), பஞ்சை நம் கண்முன்னே நிறுத்து அடைத்துத் தரும் ஒரு சிறு கடைக்கு அவர் அழைத்துச் சென்றார். தேனி மாவட்டத்துத் தோட்டங்களில் கோடையில் வெடிக்கும் இலவங்காய்களின் பஞ்சு அங்கே வந்து சேர்கிறது. ஒரு கிலோ பஞ்சு, கோடு போட்ட கெட்டியான பருத்தித் துணி, தையற்கூலி எல்லாம் சேர்த்து 520 ரூபாய்.

இலவம்பஞ்சு உடற்சூட்டை இழுத்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வதை நான் அப்படியே ஏற்கவில்லை. அதன் ஒவ்வோர் இழையும் உள்ளே வெற்றுக்குழல். பருமனில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு காற்றுதான். காற்று சூட்டை எளிதில் கடத்தாது. ஆகவே இந்தப் பஞ்சும் சூட்டை வேகமாகக் கடத்தாது. ஆனால் எடை மிகக் குறைவாக இருப்பதால் சூட்டைத் தேக்கியும் வைக்காது. புரட்டிப் போட்ட சில நிமிடங்களில் சூடேறிய பக்கம் ஆறிவிடுகிறது. இழையின் மேலுள்ள மெழுகுப் பூச்சினால் பஞ்சு வியர்வையை உறிஞ்சுவதில்லை. மேலுறைத் துணி மட்டும் நனைந்து, விசிறிக் காற்றில் உலர்ந்துவிடுகிறது. இறுக்கி அடைத்திருந்தால் தலை மேலாகத் தங்குமே தவிரப் புதையாது. தொட்டதும் சில்லென்று இருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு மணிக்கு எழுந்து தொட்டால் ஈரமில்லாமல் இருக்கிறது. எனக்கு வேண்டியது அதுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தூசியினால் மூச்சிரைப்பு வருபவர்கள் இதை எண்ணிப் பார்த்தே வாங்க வேண்டும். தையல் விட்ட இடத்தில் பஞ்சு பறந்து மூக்கில் ஏறும். நீரில் துவைக்க முடியாது. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்டியெடுக்க வேண்டும். லேடெக்ஸையும் ஃபோமையும் அப்படி வெயிலில் போட்டால் அவை பொடிந்துவிடும் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். இலவம்பஞ்சில் தீ மிக எளிதாகப் பற்றும் என்பதால், கொசுவர்த்திச் சுருளைத் தலைமாட்டில் கொளுத்தி வைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் அதைக் கட்டிலிலிருந்து எட்ட வைப்பது கட்டாயம்.

வாங்கும்போது ஒரு பிடி பஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல இலவம்பஞ்சு பட்டுப்போல வழுக்கும், இலேசான மஞ்சள் சாயலோடு பளபளக்கும், கொட்டை தட்டுப்படாது, தண்ணீரில் போட்டால் நனையாமல் மிதக்கும். கழிவுப் பருத்தி கலந்திருந்தால் ஊறிக் கனத்துவிடும். உறை முழுப் பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் கலந்த வழுவழுப்பான உறையையோ, நீர் புகாத பிளாஸ்டிக் பூச்சுள்ள காப்புறையையோ போட்டால், மூன்று தலையணைகளுமே ஒன்றுபோலப் புழுங்கும். இதை நானே ஒரு வாரம் செய்து பார்த்தேன்.

என் தலையணை ஏழு மாதத்தில் நடுவே அமுங்கிவிட்டது. அருகிலுள்ள மெத்தைக் கடையில் ஒரு பக்கத் தையலைப் பிரித்து, கால் கிலோ பஞ்சு சேர்த்துத் தைத்துக் கொடுத்தார்கள். 130 ரூபாய் ஆயிற்று.