நமக்காகக் காத்திராத உலகம்: 1982-இன் 'தி ஹாபிட்' விளையாட்டு

ஒரு நாவலை விளையாட்டாக மாற்ற முனைபவர்களுக்கு முதல் இடையூறு, வாங்குபவர்களில் பலருக்குக் கதை முன்பே தெரிந்திருக்கும் என்பதுதான். அடுத்து எந்த வாயில் திறக்கும், எந்தப் பூதம் வரும் என்று அறிந்த ஒருவர் அதே நிகழ்ச்சிகளைக் கட்டளை கட்டளையாகத் தட்டச்சு செய்து கடந்துபோவதில் என்ன சுவை இருக்க முடியும்? டோல்கீனின் நாவலைத் தழுவி 1982-இல் மெல்போர்ன் ஹவுஸ் வெளியிட்ட 'தி ஹாபிட்', அக்கால வீட்டுக் கணினிகளில் இக்கேள்விக்குக் கிடைத்த மிகச் சிறந்த விடை என்றே கருதுகிறேன். இன்று எமுலேட்டரில், அதாவது பழைய கணினியைப் போல இயங்கும் மென்பொருளில் விளையாடும்போதும் அந்த எண்ணம் உறுதிப்படுகிறது.

ஆஸ்திரேலியாவின் பீம் சாஃப்ட்வேர் நிறுவனத்துக்காக வெரோனிகா மெக்லர், ஃபிலிப் மிட்செல் என்ற இரு மெல்போர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் இதன் மையப் பகுதிகளை எழுதினார்கள். கேசட்டிலிருந்து ஏற்றப்படும் இந்த விளையாட்டு, சொற்கள், படங்கள், விதிகள் அனைத்தையும் சேர்த்து இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியின் 48 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கியாக வேண்டியிருந்தது. நாவலின் பிரதி ஒன்றையும் பெட்டியிலேயே வைத்து பிரிட்டனில் 14.95 பவுண்டுக்கு விற்றார்கள். அன்றைய கேசட் விளையாட்டுகளுக்கு அது மிக உயர்ந்த விலை.

அந்த விலைக்கு வாங்கியவர் பெற்றது கதையின் சுருக்கத்தை அல்ல, தானாக இயங்கும் ஓர் உலகத்தை. அதற்கு முன் வந்த, கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஆடும் உரைவழி சாகச விளையாட்டுகளில் பெரும்பாலும் நாம் அசைந்தால்தான் எதுவும் அசையும். பாத்திரங்கள் அறையில் கிடக்கும் பொருள்களைப் போல நம்மை எதிர்பார்த்து நின்றிருப்பார்கள். இங்கே மந்திரவாதி காண்டால்ஃப் நமக்கு வரைபடத்தைக் கொடுத்துவிட்டுத் தன் விருப்பம்போல் வெளியே போவார், திரும்பி வருவார், வழியில் கிடக்கும் பொருளை எடுத்துக்கொள்வார். நெருக்கடியான நேரத்தில் குள்ளர்களின் தலைவர் தோரின் தரையில் அமர்ந்து தங்கத்தைப் பற்றிப் பாடத் தொடங்குவார். நாம் எதையும் தட்டச்சு செய்யாமல் இருந்தால் விளையாட்டு பொறுத்திருக்காது. காலம் கழிகிறது என்று அறிவித்துவிட்டுத் தன் போக்கில் நகரும். சண்டைகளின் முடிவும் ஓரளவு தற்செயலைச் சார்ந்திருப்பதால், நேற்று வெற்றி தந்த அதே கட்டளை வரிசை இன்று நம்மைக் கொன்றுவிடக்கூடும்.

நாவலை வரி வரியாக அறிந்தவரும் இங்கே பாதுகாப்பாக இல்லை என்பதுதான் இந்தத் தழுவலின் தனிச்சிறப்பு. பூதங்கள் விடியலில் கல்லாகும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் விடியும் வரை உயிரோடு விலகி இருப்பதும், தோரின் அவர்களிடம் சிக்காமல் இருப்பதும் யாராலும் உறுதி கூற முடியாதவை. எல்ஃப் இனத் தலைவர் எல்ரோண்டிடம் வரைபடத்தைப் படிக்கச் சொல்லலாம், வில்லாளி பார்டிடம் டிராகன் மீது அம்பெய்யச் சொல்லலாம். அவர்கள் இணங்குவதும் மறுப்பதும் அவர்கள் பொறுப்பு. நாவலின் நாயகனும் ஹாபிட் என்னும் சிறு மனித இனத்தவனுமான பில்போ உணரும் அந்தச் சிறுமையை, பெரியவர்களின் போக்குக்கு நடுவே அகப்பட்ட ஒரு சிறிய மனிதனின் தவிப்பை, எந்த வருணனையும் இல்லாமல் இந்த அமைப்பே நமக்குள் உண்டாக்கிவிடுகிறது. தழுவல் என்பது இதைத்தான் செய்ய வேண்டும்.

கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் பகுதிக்கு இங்லிஷ் (Inglish) என்று பெயரிட்டிருந்தார்கள். ஒரு வினைச்சொல்லும் ஒரு பெயர்ச்சொல்லும் மட்டுமே பெரும்பாலும் ஏற்கப்பட்ட நாட்களில், அது முழு வாக்கியங்களையும், ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த கட்டளைகளையும், எப்படிச் செய்வது என்று கூறும் அடைச்சொற்களையும் ஏற்றுக்கொண்டது. பொருள்களுக்கு எடையும் அளவும் உண்டு. பாத்திரங்களுக்கு ஆணையிடுவது வெறும் வேடிக்கையாக நின்றுவிடவில்லை. காப்ளின்கள் என்னும் குகைவாழ் அரக்கர்களின் சிறையிலிருந்து வெளியேற, நம்மைத் தூக்கிக்கொண்டு போகும்படி வேறொருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பதின்மூன்று குள்ளர்களில் தோரின் மட்டுமே எஞ்சியிருப்பது நினைவகத்தின் நெருக்கடி என்று புரிகிறது. ஆனால் நாவலின் கூட்டப் பயணத்துக்குரிய கலகலப்பு அதனால் முற்றிலும் போய்விட்டது. இட வருணனைகள் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுவதால் டோல்கீனின் நடை சுவை எதுவும் இங்கே கிடைக்காது. கோடு கோடாக வரைந்து கண்முன்னே வண்ணம் நிரப்பப்படும் படங்கள் அன்று பெரிதும் வியக்கப்பட்டன. இன்று அவற்றின் வேகம் பொறுமையைச் சோதிக்கிறது. முதல் பதிப்பில் நிரல் பிழைகளும் குறைவில்லை.

மொழிச் சுவையைத் தேடுபவர்களுக்கு, டெர்ரி பிராட்செட்டின் நாவலைக் கொண்டு 1986-இல் வந்த 'தி கலர் ஆஃப் மேஜிக்' பொருத்தமாக இருக்கும். அதன் உரைநடை செழுமையானது, நகைச்சுவையும் நாவலுக்கு நெருக்கமானது. ஆயினும் அது நாவலின் நிகழ்ச்சிகளை அவ்வளவு விடாப்பிடியாகப் பின்பற்றுவதால், படித்தவர் நினைவுகூர்ந்து முன்னேறுகிறார், படிக்காதவர் திணறி நிற்கிறார். பீம் நிறுவனமே பின்னர் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையின் முதல் விளையாட்டில் நான்கு ஹாபிட்களை நம் கையில் ஒப்படைத்துப் பரப்பை விரித்தது; விரிந்த பரப்புக்கேற்ற உயிர்ப்பை அதில் என்னால் காண முடியவில்லை.

புதிதாக விளையாட விரும்புபவர்கள் ஸ்பெக்ட்ரம் பதிப்பிலேயே தொடங்குவது நல்லது. பிபிசி மைக்ரோ என்ற மற்றொரு வீட்டுக் கணினிக்கான பதிப்பில் படங்கள் இல்லை. தாளில் வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். பூதங்களை நெருங்கும் முன்பும் காப்ளின் குகைகளுக்குள் நுழையும் முன்பும் ஆட்டத்தைச் சேமித்துவிடுங்கள். முழுத் தீர்வுகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன; ஆனால் குறைந்தது எல்ரோண்டின் இல்லத்தை அடையும் வரையாவது அவற்றைத் தொடாமல், காண்டால்ஃபும் தோரினும் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே விளையாடுங்கள்.