ஒரு வருட வாடகைக்கு ஒரு நல்ல பாடநூல்

புள்ளியியல் படிப்புக்காகப் பெரிய பதிப்பகம் ஒன்றின் மின்பாடநூலை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. வாங்கினேன் என்று சொல்வதே தப்பு, வாடகைக்கு எடுத்தேன். ஒரு குறியீட்டு எண் தருவார்கள், அதைச் செயலியில் போட்டால் ஒரு வருடம் திறந்திருக்கும், அப்புறம் நாம் அடிக்கோடிட்டது, ஓரத்தில் கிறுக்கியது எல்லாவற்றோடும் சேர்த்துப் பூட்டிக்கொள்ளும். படித்து முடித்ததும் அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுக்கவும் வழியில்லை. பழைய புத்தகம் கைமாறினால் பதிப்பகத்துக்கு ஒரு காசும் வராதுதான், அந்தக் கணக்கு புரிகிறது, எரிச்சல்தான் போகவில்லை.

ஆனால் நூல் அருமை. ஒரு மாதிரியின் திட்ட விலக்கத்தை, அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்ற அளவை, கணக்கிடும்போது ஏன் எண்ணிக்கையால் வகுக்காமல் அதில் ஒன்றைக் குறைத்து வகுக்கிறோம்? நான் முன்பு படித்த நூல்கள் சூத்திரத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். இதில் ஐந்தே எண்களை வைத்து, சராசரியையும் அதே எண்களிலிருந்தே எடுத்துவிட்டதால் விலக்கங்கள் உண்மையைவிடச் சிறிதாகத்தான் தெரியும், அதை ஈடுகட்டத்தான் இந்தக் குறைப்பு என்று அரைப் பக்கத்தில் புரிய வைத்துவிடுகிறார்கள். மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்று தெரிந்த ஒரு பதிப்பாசிரியர் உட்கார்ந்து செய்த வேலை அது. பயிற்சிக் கணக்குகளின் வரிசையும் அப்படித்தான். பதிப்பகத்துக்கு நாம் காசு கொடுப்பது இதற்காகத்தான், தாளுக்காக இல்லை.

நூலைத் திறந்து படிக்கும் செயலிதான் சொதப்பல். வரைபடங்கள் எல்லாம் வெறும் படங்கள், விளக்க வரி ஒன்றுகூட இல்லை, என்னோடு படிக்கும் பார்வையற்ற நண்பரின் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்) 'படம்' என்று சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகிறது. பார்வையற்றோருக்கான நூல்கள் பற்றிய மரகேஷ் உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு 2016-இல் நடைமுறைக்கே வந்துவிட்டது, இபப் 3 (EPUB 3) என்ற மின்னூல் வடிவத்தில் சமன்பாடுகளைக்கூடப் படித்துக்காட்ட முடியும், இவர்களுக்கு மட்டும் மனமில்லை. விடைக்குறிப்பில் ஒரு தவறைப் பார்த்து இரண்டு முறை எழுதினேன், பதிலே இல்லை.

இந்த விஷயத்தில் இலவசப் பாடநூல்கள் வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸைப் பாருங்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012-இல் இதைத் தொடங்கியது. இணையத்தில் இலவசம், புள்ளியியலும் உண்டு, யார் பிழை சுட்டினாலும் பட்டியலில் ஏற்றுகிறார்கள், பெயரைக் குறிப்பிட்டு மொழிபெயர்த்துக்கொள்ளவும் அனுமதி இருக்கிறது. உள்ளடக்கம் இப்படிச் சும்மா கிடைக்கும்போது பூட்டுப் போட்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? நல்ல கேள்வி வங்கி, ஆசிரியர் கையேடு, தாய்மொழிப் பதிப்பு, எல்லாரும் படிக்கக்கூடிய வடிவம், இதற்கெல்லாம் இன்னும் ஆள் தேவை, காசு கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள்.

நூலுக்கு நாலரை நட்சத்திரம், செயலிக்கு ஒன்றரை. அச்சுப் பிரதி கிடைத்தால் அதையே வாங்குங்கள். குறியீட்டு எண்தான் வேண்டும் என்றால் படிப்பின் முதல் வகுப்பு நடக்கும் நாள் வரை போடாமல் வைத்திருங்கள், வருடக் கணக்கு அந்த எண்ணைப் போட்ட நாளிலிருந்துதான் ஓடுகிறது, நான் ஒரு மாதம் முன்னாலேயே போட்டு ஏமாந்தேன்.