உஷார்! பழைய பிஸ்டலுக்கு ஸ்பிரிங் வாங்கப் போய் ஒரு மாதச் சம்பளம் போச்சு

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். பழங்காலத் துப்பாக்கிகளுக்கு உதிரிபாகம் விற்கும் ஓர் இணையக் கடையிடம் என்னுடைய ஒரு மாதச் சம்பளத்தை முழுசாகப் பறிகொடுத்திருக்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து எனக்கும் வந்த ஒற்றைக்குழல் பிஸ்டல் அது. குழலின் வாய்வழியாக வெடிமருந்தைப் போட்டுக் கெட்டித்து, பின்னால் நிப்பிள் எனும் துளையுள்ள சிறு முனை மேல், அடித்தால் பொறி தரும் சின்னத் தொப்பி ஒன்றைச் செருகி, அதைச் சுத்தியல் அடிக்கும் 19ஆம் நூற்றாண்டு வகை. உரிமக் காகிதங்கள் எல்லாம் முறையாக இருக்கின்றன, சுடும் எண்ணமும் கிடையாது. உள்ளே ‘வி’ வடிவத்தில் மடங்கி இருக்கும் பெரிய ஸ்பிரிங் முறிந்து, சுத்தியல் தொளதொளவென்று ஆடியது. தாத்தா எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு அந்தச் சுத்தியலை மெல்ல இழுத்து நிறுத்திக் காட்டுவார். அது மறுபடி நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அந்தக் கடைக்காரர் எடுத்தவுடன் விலை பேசவில்லை. குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அங்கிருந்த முத்திரையைப் பார்த்துவிட்டு, “இது இங்கிலாந்துல பர்மிங்காம் துப்பாக்கிச் சோதனை நிலையத்து முத்திரை சார். அந்த நிலையமே 1813இல் வந்ததுதான், அதனால உங்க பிஸ்டல் அதுக்குப் பிந்தியது” என்றார். தேடிப் பார்த்தேன், வருஷம் சரியாகவே இருந்தது. “தயவுசெஞ்சு பளபளன்னு தேய்ச்சுடாதீங்க, அந்தப் பழைய நிறத்துலதான் மதிப்பே இருக்கு” என்றும் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே எழவில்லை. ஸ்பிரிங் கையிருப்பில் இருக்கிறது, அப்படியே மாட்டலாம், நிப்பிளும் தேய்ந்திருக்கிறது, அதையும் மாற்றிவிடலாம், அளவு பார்க்க லாக்கை, அதாவது சுத்தியலும் ஸ்பிரிங்கும் பொருந்திய விசைப் பகுதியை மட்டும் அனுப்புங்கள் என்றார். ஒரு மாதச் சம்பளம், மொத்தமும் முன்பணமாக. கட்டினேன்.

வந்த ஸ்பிரிங்கில் அச்சில் வார்த்த கோடுகூட அப்படியே இருந்தது, அரம் பட்ட தடயமே இல்லை. பழைய பூட்டு வேலை தெரிந்த ஒருவரின் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அவர் வைஸில் வைத்து லேசாக அழுத்தினார். வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்டது. இதற்குத் துவைச்சலே, அதாவது எஃகுக்கு விறைப்பு ஏற்றும் சூட்டுப் பக்குவமே, போடவில்லை என்றார். நல்ல கரிமச் சத்துள்ள எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தி, பிறகு 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் நீல நிறம் வரும்வரை மறுபடி சூடாக்கினால்தான் அது ஸ்பிரிங், இல்லாவிட்டால் வெறும் இரும்புத் துண்டு. தவிர, அந்தக் காலத்து லாக்குகள் பெரும்பாலும் ஒவ்வொன்றாகக் கையால் அராவிப் பொருத்தியவை. ஒரே பட்டறையில் செய்த இரண்டு பிஸ்டல்களுக்கே பாகம் மாறாது. அப்படியே மாட்டலாம் என்று எந்த வாயால் சொன்னார்?

நிப்பிளுக்கு மரையே வேறு. இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை. முறுக்கி ஏற்றியிருந்தால் குழலில் உள்ள பழைய மரை நாசமாகியிருக்கும். இப்படிப் பொருந்தாத நிப்பிளோடு யாராவது சுட்டால் அது பின்னால் தெறித்து முகத்தில்கூட அடிக்கலாம். எனக்குச் சுடும் எண்ணம் இல்லை, வாங்குகிற எல்லாரும் அப்படியா?

இதையெல்லாம் விடப் பெரிய கொடுமை, லாக்கைப் பஃப் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தட்டில் செதுக்கியிருந்த கொடிவேலை பாதி மழுங்கிவிட்டது. தேய்க்காதீர்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தவர் செய்த வேலை இது!

கேட்டதற்கு முதலில், “கொஞ்சம் அராவணும் சார், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே” என்றார். அப்புறம் என் பிஸ்டலை யாரோ முன்பே மாற்றியிருக்கிறார்கள், பாகத்தில் குறை இல்லை என்றார். தேய்த்த விஷயத்தைக் கேட்டால், “சுத்தம் பண்ணிக் கொடுத்தோம், அதுக்குக் காசே வாங்கலையே” என்று பதில். பழம்பொருள் உதிரிபாகங்களைத் திரும்ப எடுப்பதில்லை என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. இப்போது போனையே எடுப்பதில்லை. ஒரு மாதச் சம்பளம்!

தேடுகிறவர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தைகள். ‘அப்படியே மாட்டலாம்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். நிப்பிளின் மரையை உள்ளூரில் அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். முறிந்த ஸ்பிரிங் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவற்றை மாதிரியாக வைத்துப் புதிதாக அடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். லாக்கைக் கையைவிட்டு அனுப்பியே ஆக வேண்டுமென்றால் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, தேய்க்கக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதையும் முன்பே விசாரியுங்கள்.

வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். தேய்ப்பதற்கு முன் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதையும் சேர்த்து இன்று நுகர்வோர் புகார் எழுதப் போகிறேன். இதே மாதிரி லாக்கை அனுப்பி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.