தெருத் திண்ணையில் ஒரு மாலை வகுப்பு: இல்லம் தேடிக் கல்வி எப்படி இருந்தது?

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டத்தைப் பற்றி ஆதரவாகவும் எதிராகவும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. பிள்ளைகளை அங்கே அனுப்பிய குடும்பங்களின் பக்கத்திலிருந்து, இது ஒரு சேவையாக எப்படி இருந்தது, எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கத் தவறியது என்று எழுதப்பட்டவை குறைவு. அதே மாவட்டத்தில் கரும்பும் மல்லாட்டையும் (நிலக்கடலை) விளையும் ஒரு கிராமத்தில், எங்கள் வீட்டுப் பிள்ளையும் தெருப் பிள்ளைகளும் படித்த மையத்தை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு, அதிலும் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு, கிராமத்தில் நான் கண்ட கல்விச் சேவைகளில் இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சேவையைத் தாங்கி நின்ற தன்னார்வலருக்குக் கொடுக்கப்பட்ட தொகை, அவர் செய்த வேலைக்குச் சிறிதும் பொருந்தவில்லை.

திட்டத்தின் அமைப்பு எளிமையானது. கொரோனாவினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியில் கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசி வகுப்புகளும் இருந்தன என்றாலும், ஒரே ஒரு கைப்பேசி இருந்து அதையும் தகப்பனார் வேலைக்கு எடுத்துச் செல்லும் வீட்டில் அவற்றால் பெரிய பயன் இல்லை. விட்டுப்போன பாடத்தை மீட்க, தெருவிலேயே வசிக்கும் ஒருவரைத் தன்னார்வலராக எடுத்து, மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், சுமார் இருபது பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தச் செய்தார்கள். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும், ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குப் பட்டம் பெற்றவர்களும் எடுக்கப்பட்டார்கள். முதலில் 12 மாவட்டங்களில் முன்னோட்டமாக நடந்து, பிறகு மாநிலம் முழுக்க விரிந்தபோது தன்னார்வலர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 2 லட்சத்தை எட்டியது. பிள்ளைகளிடம் கட்டணம் எதுவும் வாங்கப்படவில்லை.

எங்கள் மையத்துக்கெனத் தனிக் கட்டடம் கிடையாது. ஒரு வீட்டுத் திண்ணை, இரண்டு பாய்கள், சுவரில் சாய்த்துவைத்த ஒரு கரும்பலகை, வெளியே இழுத்துக் கட்டிய ஒரு பல்பு, இவ்வளவுதான். மழை பெய்தால் வகுப்பு வீட்டுக்குள் போகும். மின்சாரம் நின்றால் கதை சொல்லும் நேரமாக மாறும். நடத்தியவர் அதே தெருவில் வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பட்டதாரிப் பெண். பிள்ளைகள் அவரை டீச்சர் என்று அழைத்ததே இல்லை. அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த அக்கா செய்த வேலையின் தரத்தை ஒரே ஒரு கணக்கைக் கொண்டு சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் இருந்த ஒரு பையனிடம் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், தயங்காமல் 35 என்று எழுதுவான். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்பது மட்டும் மனத்தில் பதிந்திருந்ததால், எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று பாராமல் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவான். பள்ளியில் இது தவறு என்று சிவப்பு மையால் குறிக்கப்பட்டிருந்ததே தவிர, ஏன் தவறு என்பது அவனுக்கு விளங்கவில்லை. அக்கா தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஐந்து கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் அவன் முன்னால் வைத்து, அதிலிருந்து இருபத்தேழு குச்சி கொடு என்று கேட்டார். இரண்டு கட்டுகளை எளிதாக எடுத்துக் கொடுத்தவன், ஏழு தனிக் குச்சிகளுக்கு எங்கே போவது என்று விழித்தான். சற்று நேரம் கழித்து அவனாகவே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான். பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்குவது என்று வருடக்கணக்கில் மனப்பாடமாகச் சொல்லிவந்தது அவன் கைக்கு வந்தது அப்போதுதான். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர், அதிலும் இரண்டு வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியர், ஒரு பிள்ளைக்காக இவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. அது ஆசிரியரின் குறையும் அல்ல.

இந்த அருகாமைதான் இச்சேவையின் உயிர் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பிள்ளை இரண்டு நாட்கள் வராவிட்டால் அக்கா குழாயடியிலோ நியாயவிலைக் கடையிலோ அதன் தாயைப் பார்த்துக் கேட்டுவிடுவார். நூறு நாள் வேலைக்குப் போய்வந்து சமையலில் இறங்கும் ஒரு தாய்க்குப் பெற்றோர் கூட்டம் என்று பள்ளிக்குப் போக நேரம் இருப்பதில்லை. அப்படியே போனாலும் தலைமையாசிரியர் முன்னால் நாற்காலியில் உட்காரக் கூச்சப்படுகிறவர்கள் பலர். குழாயடியில் அந்தக் கூச்சம் கிடையாது. "உம் பொண்ணு எழுத்துக்கூட்டிப் படிக்கிறா, ஆனா வேகம் வரல, ராத்திரி ஒரு பக்கம் படிக்கச் சொல்லு" என்ற ஒரு வாக்கியம் எந்த முன்னேற்ற அறிக்கையையும்விடப் பயனுள்ளதாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

திண்ணையில் கண்டதை மட்டும் வைத்துக்கொண்டு திட்டத்தை மெச்சக் கூடாது என்பதால், அளந்து பார்த்தவர்கள் சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறேன். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் அந்தப் பிள்ளைகள், 2019-இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிடக் கணக்கில் 0.73 திட்டவிலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் அளவு) மொழியில் 0.34 திட்டவிலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்களின் கணிப்பு. எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது மற்றொரு முடிவு: இழப்பு ஏழைப் பிள்ளைகளை அதிகம் தாக்கியிருந்தாலும், மீட்சியும் அவர்களிடமே வேகமாக நடந்தது. இந்த மையங்களுக்கு அதிகம் வந்தவர்கள் அவர்கள்தான் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறது ஆய்வு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை டவுனுக்கு டியூஷன் போய்விடும். மாதம் சில நூறு ரூபாய் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைதான் திண்ணைக்கு வரும். அரசின் திட்டங்கள் பலவும் உரியவர்களைத் தேடிப்பிடிக்கச் சான்றிதழ்களையும் படிவங்களையும் நம்பியிருக்கும்போது, இங்கே அவை எதுவும் இல்லாமலேயே உரிய பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

இம்முயற்சிக்கு முன்னோடியும் உண்டு. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் மும்பையிலும் வடோதராவிலும் நடத்திய பால்சகி திட்டத்தில், அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம் பெண்கள் பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச் சென்று அடிப்படைப் பாடங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் ஆண்டு முடிவில் மதிப்பெண்கள் 0.28 திட்டவிலக்கம் உயர்ந்திருந்ததும், அந்த உயர்வு பெரும்பாலும் வகுப்பின் கடைசி வரிசைப் பிள்ளைகளிடம் கண்டதும் பதிவாகியிருக்கிறது. பெரிய பட்டங்களோ நீண்ட பயிற்சியோ இல்லாத, ஆனால் பிள்ளையின் நிலையிலிருந்து தொடங்கத் தெரிந்த ஒருவரால் இது முடியும் என்பதற்கு அது நகரத்தில் கிடைத்த சான்று என்றால், நம்முடையது கிராமத்தில் கிடைத்த சான்று.

இனிக் குறைகள். தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. 2021-22-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 273 ரூபாய். ஆக, ஒரு மாத மாலைகள் முழுவதையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தவருக்குக் கிடைத்தது நான்கு நாள் கூலிக்கும் குறைவு. 2024-25-இல் அந்தக் கூலி 319 ரூபாயாக உயர்ந்தபோது அதே ஆயிரம் ரூபாய் மூன்று நாள் கூலியாகச் சுருங்கிவிட்டது. தன்னார்வலர் என்ற பெயரைச் சொல்லி இதை நியாயப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் சமையலையும் சொந்தப் பிள்ளையையும் விட்டுவிட்டு வந்த பெண்கள் இவர்களில் கணிசமானவர்கள். அவர்களுடைய உழைப்பைச் சேவை மனப்பான்மை என்று பாராட்டிவிட்டுக் குறைந்த தொகையில் வாங்கிக்கொள்வது, கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கு உதவ வந்த ஒரு திட்டம் செய்யக்கூடாத காரியம். இத்தொகை மூவாயிரமாக இருந்திருந்தால், பிள்ளைகளுக்குக் கல்வியாகவும் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் பெண்களுக்கு வருமானமாகவும் ஒரே செலவில் இரண்டு பயன்கள் கிடைத்திருக்கும்.

தொகை போதாததன் விளைவு மையத்தின் ஆயுளில் தெரிந்தது. எங்கள் அக்கா தையல் யூனிட் ஒன்றில் வேலை கிடைத்துப் போனபோது, அவர் இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. மாநில அளவிலும் பிந்தைய ஆண்டுகளில் மையங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. கொரோனா இழப்பை ஈடுகட்ட வந்த திட்டம்தானே, வேலை முடிந்துவிட்டது என்பது ஒரு வாதம். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் ஐந்தாம் வகுப்புக்கு வருகிற பிள்ளை கொரோனாவுக்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது என்பதே அதற்கு என் பதில்.

ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கான பிரிவைப் பற்றி என்னால் நல்லபடியாகச் சொல்ல முடியவில்லை. அறிவியல், ஆங்கிலம், இயற்கணிதம் எல்லாவற்றையும் ஒருவரே ஒன்றரை மணி நேரத்தில் நடத்துவது கடினம். பிள்ளைகளும் அந்த வயதில் மல்லாட்டை பிடுங்கும் நாட்களிலும் கரும்பு வெட்டும் காலத்திலும் வீட்டு வேலைக்கு நின்றுவிடுகிறார்கள். வருகைப் பதிவைக் கைப்பேசிச் செயலியில் ஏற்றும் வேலை, சிக்னல் சரியாகக் கிடைக்காத எங்கள் ஊரில் வகுப்பு நேரத்தைத் தின்றது. பள்ளி ஆசிரியருக்கும் மாலை வகுப்பு எடுப்பவருக்கும் இடையே பேச்சுவார்த்தை போதவில்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பள்ளிக்குள்ளேயே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்க முற்பட்டது நல்ல யோசனை. காலையில் அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளை யார் என்பது மாலையில் வகுப்பு எடுப்பவருக்குத் தானாகவே தெரியும்படி இரண்டையும் இணைத்திருக்க வேண்டும்.

மாலை வகுப்பு ஒன்றே கிராமத்து வறுமையைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. வேலை தேடிச் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகும் பிள்ளைக்குத் தெருவில் மையம் இருந்து என்ன பயன்? அதற்குச் சூளைப் பக்கத்திலேயே வகுப்பு வேண்டும். பசியோடு வரும் பிள்ளைக்கு முதலில் சோறு வேண்டும் என்பதைக் காமராசர் காலத்து மதிய உணவிலிருந்து 2022-இல் வந்த காலை உணவு வரை இந்த மாநிலம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் பிறகும், மூன்றாம் வகுப்புக்குள் வாசிக்கக் கற்காத பிள்ளை எட்டாம் வகுப்பில் புத்தகத்தைப் பார்த்துப் பயந்து, பத்தாம் வகுப்பில் தோற்று, பெற்றோர் செய்த கூலி வேலைக்கே திரும்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் பள்ளியைத் தாண்டி மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்குத்தான் எட்டும். அதுவரை ஒரு பெண் பிள்ளை வந்து சேர வேண்டுமென்றால் ஏழெட்டு வயதில் அவளுக்கு எழுத்து வசப்பட்டிருக்க வேண்டும்.

எனவே, உங்கள் ஊரில் மையம் இன்னும் நடக்கிறது என்றால், இரண்டு முதல் ஐந்தாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளையைத் தயங்காமல் அனுப்புங்கள். காசு வாங்காத வகுப்பு என்பதற்காகக் குறைத்து எண்ண வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மையம் நின்றுபோயிருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். அந்தக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்தான், தலைவரும் ஒரு தாய்தான். மாலை வகுப்பு மீண்டும் வேண்டும், நடத்துபவருக்கு உரிய தொகை வேண்டும் என்று தீர்மானம் போட அந்தக் குழுவால் முடியும். கிராம சபையிலும் அதே தீர்மானத்தை எழுதி வைக்கலாம். எங்கள் ஊர்க் குழுவில் இதை எழுப்பியிருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.