மனதுக்குள் பேசுவதை எழுத: ஒற்றை மேற்கோளா, சாய்வெழுத்தா, சும்மா விடுவதா?

மைத்துனன் கடன் கேட்க வந்திருக்கிறான், சுந்தரத்துக்குக் கொடுக்க மனமில்லை, வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. இந்த ஒரு காட்சியை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் பத்திரிகைக் கதைகளில் நாம் பார்த்துப் பழகிய முறை:

'பணம் கேட்கத்தான் வந்திருக்கிறான்' என்று சுந்தரம் நினைத்துக்கொண்டான். "வா மச்சான், காபி சாப்பிடுறியா?"

பேச்சுக்கு இரட்டை, நினைப்புக்கு ஒற்றை. வாட்ஸ்அப்பில் ஒட்டினாலும் குறி அப்படியே நிற்கும், சத்தமாகப் படித்தாலும் 'என்று' காப்பாற்றிவிடும். ஆனால் ஒரே பக்கத்தில் நாலைந்து 'என்று நினைத்துக்கொண்டான்' வந்தால் சலிப்புத் தட்டும். சரி, அதை வெட்டிவிட்டுக் குறியை மட்டும் வைக்கலாம் என்றால், நக்கலுக்கும் அழுத்தத்துக்கும் படப்பெயருக்கும் அதே ஒற்றைக் குறியைப் போடுகிறவர்களின் கதையில் வாசகர் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வார்.

அடுத்தது சாய்வெழுத்து. ஆங்கில நாவல்கள் படித்துவிட்டு எழுத வருகிறவர்களுக்கு இதன்மேல் ஒரு கண். அங்கே அதற்குப் பெரிய சரித்திரம் இருக்கிறது. 1501இலேயே வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் சாய்வெழுத்தில் புத்தகம் அச்சிட்டுவிட்டார், கையெழுத்திலிருந்து பிறந்த தனி வடிவம் அது. தமிழில் லதா, நிர்மலா மாதிரி நாம் தினமும் தட்டச்சு செய்யும் எழுத்துருக்களுக்குச் சாய்வு வடிவமே கிடையாது, வேர்டில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒரு சொல் என்றால் பரவாயில்லை, ஒரு பத்தி முழுக்க அப்படிப் படிக்கக் கண் வலிக்கும். கதையை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் சாய்வு காணாமல் போவதும் உண்டு, அப்போது எது நினைப்பு எது விவரிப்பு என்று யாருக்கும் தெரியாது. என் கணக்கில் இது கடைசி இடம்.

மூன்றாவது, எந்தக் குறியும் இல்லாமல்:

சுந்தரம் நிமிர்ந்து பார்த்தான். இவனா? போன தீபாவளிக்கு வாங்கினதே இன்னும் வரவில்லை, அதற்குள் அடுத்ததா? "வா மச்சான், காபி சாப்பிடுறியா?"

எங்கே விவரிப்பு முடிந்து மனசு தொடங்குகிறது என்பதை 'இவனா' காட்டிக்கொடுத்துவிடுகிறது. கதைசொல்லிக்கு மைத்துனன் 'அவன்', சுந்தரத்தின் மனசுக்கு 'இவன்'. இவன், இப்போது, இங்கே, கேள்வியில் வரும் 'ஆ', 'ஏ' (வந்தானே, கொடுத்தோமே), இதெல்லாம் வாசகரை நேராகத் தலைக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கும். இத்தனையும் கையில் இருக்கும்போது குறி எதற்கு? 'வாங்கினதே' என்ற பேச்சுவாடையும் சேர்ந்தால் சுந்தரத்தின் குரலே கேட்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரே காட்சியில் சுந்தரத்தின் மனசுக்குள்ளும் மைத்துனன் மனசுக்குள்ளும் மாறி மாறிப் போனால் 'இவன்' யார் என்பதே தெரியாமல் போய்விடும். அங்கே பேசாமல் ஒற்றை மேற்கோளுக்குத் திரும்பிவிடுங்கள், இல்லையென்றால் ஒருவர் தலையை விட்டு இறங்கிவிடுங்கள். தன்மையில், அதாவது 'நான்' என்று போகும் கதையில் இந்தக் கவலையே இல்லை, எல்லாமே நினைப்புதான்.

அப்புறம் அடைப்புக்குறிக்குள் நினைப்பை எழுதுவது. (வந்துட்டான்யா!) நகைச்சுவைக் கதை என்றால் போடுங்கள், சாவு வீட்டுக் காட்சியில் வேண்டாம்.