குழாய்க்குள் எந்தக் கேமராவை விடுவது? தள்ளு கேமரா, கிராலர், கம்புக் கேமரா: ஓர் ஒப்பீடு

கழிவுநீர்க் குழாயில் கேமரா விட்டுப் பார்க்க ஆள் கூப்பிட்டால், வருகிறவர்கள் முதலில் படத்தின் தெளிவைத்தான் காட்டுவார்கள். திரை எவ்வளவு பெரியது, எத்தனை எல்இடி விளக்கு, நிறம் எவ்வளவு துல்லியம் என்று பேச்சு போகும். நான் கேட்பது ஒரே கேள்விதான். திரையில் தெரியும் அந்த விரிசல், இந்தத் தரையில் எந்த இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது?

பட்டுத் தெரிந்துகொண்ட கேள்வி இது. நான் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வணிகக் கட்டடத்தில், தரைத்தளச் சமையலறையின் குழாய் மாதம் தவறாமல் அடைத்துக்கொண்டே இருந்தது. வந்த ஒப்பந்தக்காரர் அருமையாக வீடியோ எடுத்துக் கொடுத்தார். ஒரு ஜாயின்ட் விலகி, உள்ளே மண் தெரிந்தது. ஆனால் படத்தில் தூரக் கணக்கு இல்லை. உள்ளே போன கேபிளை வெளியே இழுத்து, தரைமேல் விரித்து அளந்து, 'இங்கேதான்' என்று சாக்பீஸால் வட்டம் போட்டார். டைல்ஸை உடைத்து, கான்கிரீட்டை வெட்டி, மண்ணைத் தோண்டினால் கீறல்கூட இல்லாத குழாய் கிடந்தது. நடுவில் இருந்த ஒரு ஒய் இணைப்பில் கேமரா நாங்கள் நினைத்த பக்கம் போகாமல் இன்னொரு கிளைக்குள் போயிருக்கிறது. உடைந்த ஜாயின்ட் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. சமையலறை மூன்று நாள் மூடிக் கிடந்ததுதான் மிச்சம்.

அதனால் கேமரா வகைகளை நான் ஒப்பிடுவது இரண்டு அளவுகோலை வைத்துத்தான். எந்த விட்டத்துக் குழாயில் அது ஒழுங்காகப் பார்க்கும்? பார்த்ததை எந்த அளவுக்கு இடம் சுட்டிச் சொல்லும்?

தள்ளு கேமரா

கட்டடத்துக்குள் இருக்கும் குழாய்களுக்கு இதுதான். வளையும் ஃபைபர்கிளாஸ் கம்பியின் நுனியில் கட்டைவிரல் தடிமனுக்குக் கேமராத் தலை, சுற்றிலும் விளக்கு. கம்பியைச் சுருளிலிருந்து விடுவித்துக் கையால் தள்ள வேண்டும். சாதாரணச் சுருளில் 30 முதல் 60 மீட்டர் கம்பி இருக்கும். 50 மி.மீ. குழாயிலிருந்து 150 மி.மீ. வரை நிம்மதியாகப் பார்க்கலாம். 200 மி.மீ. போனால் ஒப்பேற்றலாம், அவ்வளவுதான்.

கம்பியின் விறைப்பில்தான் எல்லாம் இருக்கிறது. விறைப்பான கம்பி நேர்க்குழாயில் வெகுதூரம் போகும், ஆனால் 90 டிகிரி எல்போவில் முட்டி நிற்கும். இளகிய கம்பி எல்போவில் வளைந்து போகும், ஆனால் நீளமான குழாயில் பாம்பாய் நெளிந்து, தள்ளுகிற பலம் நுனிக்குப் போய்ச் சேராது. மூன்று நான்கு வளைவு தாண்டினால் எந்தக் கம்பியும் திணறும். சுருளில் 60 மீட்டர் இருக்கிறது என்பதால் 60 மீட்டரும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அதை நேர்க்குழாய்க்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வணிகச் சமையலறைக் குழாயில் இந்தக் கேமரா காட்டும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சூடாக ஊற்றும்போது தண்ணீர்போல ஓடிய எண்ணெய், உள்ளே போகப் போக ஆறி, குழாய்ச் சுவரில் படிந்துகொள்கிறது. கழிவுநீரில் இருக்கும் கால்சியம் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாக மாற, அந்தப் படிவு மெழுகைவிடக் கெட்டியாக இறுகுகிறது. 100 மி.மீ. குழாய் திரையில் கைவிரல் நுழையும் பொந்துபோலத் தெரியும். ஸ்பிரிங் மெஷின் விட்டுக் குத்தினால் அந்தப் பொந்து கொஞ்சம் பெரிதாகும், தண்ணீர் இறங்கும், எல்லோரும் நிம்மதியாகப் போவார்கள். சில வாரங்களில் மறுபடியும் அடைக்கும். கேமராவை அடைப்பு எடுத்த பிறகும் ஒருமுறை விட்டுப் பார்த்தால்தான், எடுத்தது அடைப்பையா அல்லது அதில் ஒரு ஓட்டையை மட்டுமா என்பது தெரியும்.

இன்னொன்று வாட்டம், அதாவது குழாயின் சரிவு. குழாய் நடுவில் தொய்ந்திருந்தால் தண்ணீர் அங்கே தேங்கும். கேமரா அதில் இறங்கும்போது நீர்மட்டம் லென்ஸின் அடியிலிருந்து மெல்ல ஏறி வரும், படம் கலங்கும், அப்புறம் மறுபடியும் வெளியே வரும். தூரக் கணக்கில் 11.2 மீட்டரில் மூழ்கி 13.6-ல் எழுந்தால், 2.4 மீட்டர் நீளத்துக்குத் தொய்வு என்று குறித்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: கீழ்ப்பக்கம் அடைப்பு இருந்தாலும் தண்ணீர் இதேபோல மேலேறி நிற்கும். அதைத் தொய்வு என்று எண்ணித் தரையை உடைக்கிறார்கள். முதலில் ஜெட்டிங் செய்து (அதிக அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி), சுத்தத் தண்ணீர் விட்டு ஓடவைத்து, அது வடிந்த பிறகும் தேங்கி நின்றால்தான் தொய்வு.

சரி, இடம் காட்டும் விஷயத்துக்கு வருவோம். கேமராத் தலைக்குப் பின்னால் சோண்ட் என்ற சிறு சிக்னல் கருவி இருக்க வேண்டும். மேலே ஒருவர் அந்தச் சிக்னலைப் பிடிக்கும் லொக்கேட்டரோடு நடந்தால், சிக்னல் உச்சத்துக்குப் போகும் இடத்துக்கு நேர் கீழே கேமரா இருக்கிறது, ஆழமும் திரையில் வரும். பெரும்பாலான சோண்ட்கள் 512 ஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. இந்தத் தாழ்ந்த அலை வார்ப்பிரும்புக் குழாயையும் ஊடுருவி வெளியே வரும். 33 கிலோஹெர்ட்ஸ் சோண்ட் பிளாஸ்டிக், மண் குழாய்களுக்குப் போதும், வார்ப்பிரும்புக்குள் விட்டால் சிக்னல் வெளியே வராது. பழைய கட்டடம் என்றால் இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சோண்ட் இல்லாத தள்ளு கேமராவை, எவ்வளவு நல்ல படம் காட்டினாலும், நான் கட்டடத்துக்குள் விடமாட்டேன்.

இதன் பலவீனம் பெரிய குழாயில் தெரியும். 300 மி.மீ. குழாயில் தலை தரையோடு தரையாகக் கிடந்து அடிப்பாகத்தை மட்டும் காட்டும். விளக்கு மேலே எட்டாது. பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க முடியாது என்பதால், கிளைக்குழாய் சேரும் இடத்தில் என்ன உடைந்திருக்கிறது என்று ஊகிக்கத்தான் முடியும்.

கிராலர்

சக்கரம் வைத்த மின்வண்டி. மேன்ஹோல் வழியாக இறக்கி, கேபிளோடு குழாய்க்குள் ஓட்டுவார்கள். பொதுவாக 150 மி.மீ.க்கு மேற்பட்ட குழாய்க்கு. ஒரே இறக்கத்தில் 200 மீட்டருக்கு மேலும் போகும். சக்கரத்தை மாற்றியோ தூக்கி வைத்தோ கேமராவைக் குழாயின் நட்டநடுவில் நிறுத்தலாம். தலை சுழலும், மேலும் கீழும் திரும்பும். ஒவ்வொரு கிளை வாயிலும் நின்று, உள்ளே எட்டிப் பார்க்கும்.

நட்டநடுவில் நிற்பதன் அருமை கான்கிரீட் குழாயில் தெரியும். தேங்கிய கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, நீர்மட்டத்துக்கு மேலே ஈரமாக இருக்கும் சுவரில் பாக்டீரியாவால் கந்தக அமிலமாகிறது. அரிப்பு மேல்பகுதியில்தான் தொடங்கும். முதலில் சிமென்ட் பூச்சு போய் ஜல்லி துருத்தும், அடுத்து கம்பி தெரியும். அடியில் கிடக்கும் தள்ளு கேமரா இதே குழாயைப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடும். கிராலர் தலையைத் தூக்கிப் பார்த்து ஜல்லியைக் காட்டும். கட்டடத்துக்கு வெளியே போகும் பெரிய கான்கிரீட் குழாய்க்கு வேறு யோசனையே வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கிராலர் வேலையோடு ஒரு பதிவு மரபும் வருகிறது. பிரிட்டனின் நீர் ஆராய்ச்சி மையமான டபிள்யூஆர்சி 1980-ல் குழாய்க் குறைபாடுகளை வகைப்படுத்தும் கையேட்டை வெளியிட்டது. அமெரிக்காவில் கழிவுநீர்க் குழாய்த் துறையினரின் நாஸ்கோ அமைப்பு வைத்திருக்கும் பிஏசிபி என்ற குறைபாட்டுக் குறியீட்டு முறை அந்த வழியில் வந்தது. ஐரோப்பாவில் இஎன் 13508-2 தரநிலை இருக்கிறது. குறையின் இடத்தைக் கடிகார முள்போலச் சொல்வார்கள்: 12 மணி என்றால் உச்சி, 6 மணி என்றால் அடி. பிஏசிபியில் ஒவ்வொரு குறைக்கும் 1 முதல் 5 வரை தரம், 5 மிக மோசம். கேமராவை நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது என்ற வரையறையும் உண்டு. '47.3 மீட்டர், 2 மணி, சுற்று விரிசல்' என்று ஒருவர் எழுதி வைத்தால், ஐந்து வருடம் கழித்து வேறொருவர் அதே இடத்துக்குப் போய் விரிசல் வளர்ந்ததா என்று பார்க்க முடியும். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வரி இல்லாவிட்டால் அந்த ஒப்பீடு நடக்காது.

குறைகளும் சின்னவை அல்ல. வண்டி, மின்சாரம், பயிற்சி பெற்ற ஆட்கள், திறக்கக்கூடிய மேன்ஹோல் எல்லாம் வேண்டும். வண்டல் கூடினாலோ, ஜாயின்ட் படிபோல இறங்கியிருந்தாலோ, வேர்க்கற்றை தொங்கினாலோ நின்றுவிடும். ஓட்டம் அதிகமென்றால் மேலே தடுத்து நிறுத்தவோ வேலையை இரவுக்குத் தள்ளவோ வேண்டும். வாயு நிற்கும் இடத்தில் வெடிப்புப் பாதுகாப்புச் சான்று பெற்ற கருவியைத்தான் இறக்க வேண்டும். கட்டடத்துக்குள் 100 மி.மீ. குழாய்க்குக் கிராலர் கொண்டுவருகிறேன் என்பவரிடம் எல்போக்களை எப்படித் தாண்டுவார் என்று கேளுங்கள்.

கம்புக் கேமரா

நீண்ட கம்பின் நுனியில் ஜூம் கேமராவும் பெரிய விளக்கும். மேன்ஹோலில் இறக்கி, குழாயின் வாயில் நிறுத்தி உள்ளே நோக்குவார்கள். குழாய்க்குள் எதுவும் போகாது, சுத்தம் செய்யக் காத்திருக்கவும் வேண்டாம். பெரிய நேர்க்குழாயில் சில பத்து மீட்டர் வரை தெளிவாகத் தெரியும், ஒரே நாளில் ஏராளமான மேன்ஹோல்களைப் பார்த்துவிடலாம்.

வளாகம் பெரிதாக இருந்தால் இதைத்தான் முதலில் விடச் சொல்வேன். எது நிரம்பி நிற்கிறது, எதில் வேர், எது சுத்தம் என்று பிரித்துவிட்டு, மோசமானவற்றுக்கு மட்டும் கிராலரை அழைக்கலாம். ஆனால் இதை வைத்துக் குழாய் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடக் கூடாது. நேராக நோக்கும் பார்வையில் தூரத்து விரிசல் தெரியாது, தொய்வு வெறும் பளபளப்பாக மட்டும் தெரியும். வளைவுக்கு அப்பால் இருட்டு.

கேமராவால் முடியாதவை

முழுக்க நிரம்பி ஓடும் குழாயில் எந்தக் கேமராவும் கலங்கலைத்தான் காட்டும். அங்கே ஒலி அலையால் அளக்கும் சோனார். பிளாஸ்டிக் குழாய் நசுங்கியிருக்கிறதா என்று கண்ணால் அளக்க முடியாது. லேசர் வளையம் பாய்ச்சி அளக்க வேண்டும். இந்தத் தளத்துக் கழிப்பறை எந்த மேன்ஹோலில் போய் விழுகிறது என்ற கேள்விக்குச் சாயத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. மழைநீர் எந்த வழியாகக் கழிவுக் குழாயில் புகுகிறது என்றால் புகைச் சோதனை. குழாய்க்கு வெளியே மண் கரைந்து குழி விழுந்திருப்பதைக் கேமரா நேரடியாகக் காட்டாது. ஜாயின்டில் மண் உள்ளே வருவதைப் பார்த்து நாம்தான் சந்தேகப்பட வேண்டும்.

மேன்ஹோலுக்குள் ஆளை இறக்கிப் பார்ப்பதை இந்த ஒப்பீட்டில் நான் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். உயிர் போகிற கட்டத்தில் எச்சரிக்கை நின்றுவிடுகிறது. கேமரா வந்த பிறகும், எட்டிப் பார்த்துவிட்டு வா என்று ஒருவரை இறக்குவதை என்னால் ஏற்க முடியாது.

எனது தேர்வு

கட்டடத்துக்குள், 150 மி.மீ. வரை: தானாக நிமிரும் தலையும் (கம்பி புரண்டாலும் படம் நேராகவே தெரியும்) 512 ஹெர்ட்ஸ் சோண்டும் உள்ள தள்ளு கேமரா. அடிக்கடி அடைக்கும் சமையலறைகள் இருந்தால் சொந்தமாகவே வாங்கி வையுங்கள். வெளியே பெரிய குழாய்களுக்கு: கம்புக் கேமராவால் சலித்து, கிராலரை வாடகைக்கு. கிராலரைச் சொந்தமாக வாங்குவது, வாரந்தோறும் ஓட்ட வேலை இருப்பவர்களுக்கு மட்டும்.

யாரை அழைத்தாலும் வேலை தொடங்கும் முன்பே நான் கேட்டு வாங்குபவை: வெட்டாத முழு வீடியோ, தொடங்கிய இடத்தின் பெயரும் ஓட்டத் திசையும், படத்தின் மேலேயே தூரக் கணக்கு, ஜெட்டிங்குக்கு முன்னும் பின்னும் தனித்தனிப் பதிவு. குறை கண்ட இடத்தில் கேமராவை நிறுத்தி, மேலே தரையில் குறி போட்டு, அந்தக் குறியையும் லொக்கேட்டர் காட்டும் ஆழத்தையும் சேர்த்து ஒரு புகைப்படம்.

அந்தச் சமையலறைக்கு இரண்டாவது முறை வந்தவர்கள் இப்படித்தான் செய்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சாமான் அறையில் குறி விழுந்தது. இரண்டடிக்கு மூன்றடி வெட்டினோம். விலகிய ஜாயின்ட் அந்தக் குழிக்குள்ளேயே இருந்தது.